வயிற்றில் இரட்டைக் குழந்தைகள், கர்ப்பப்பையில் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறிக்கையின் முதல் வரியில் ‘இரட்டைக் கரு’ என்றும், கடைசி வரியில் ‘நார்த்திசுக் கட்டி, 4 செ.மீ.’ என்றும் எழுதியிருந்தால், வீட்டுக்குப் போவதற்குள் கடைசி வரிதான் பெரிதாகிவிடுகிறது. பேறுகாலப் பிரிவில் செவிலியராக இருக்கும் என்னிடம் கர்ப்பிணிகளும், அவர்களுடைய கணவர்களும், தாய்மார்களும் கேட்ட ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

1. கட்டி என்றாலே புற்றுநோய்தானே? எங்களிடம் மறைக்கிறார்களா?

இல்லை. ஃபைப்ராய்டு எனப்படும் இந்தக் கட்டி, கர்ப்பப்பையின் சுவரில் உள்ள தசையும் நாரும் ஓரிடத்தில் திரண்டு உருண்டையாவது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் அதை வளர்க்கின்றன. 50 வயதை எட்டுவதற்குள் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்படி ஒரு கட்டியாவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

கர்ப்பப்பைத் தசையில் புற்றுநோயும் வரக்கூடும். ஆனால் அது மிகவும் அரிது. சாதாரண நார்க்கட்டி மாறித்தான் அந்தப் புற்றுநோய் ஆகிறது என்றும் மருத்துவர்கள் கருதுவதில்லை. பெரும்பாலும் அது தனியாகவே தோன்றுகிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை.

2. கர்ப்பத்துக்கு முன்பு ஒன்றுமில்லை என்றார்களே, இப்போது எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும். தொந்தரவு இல்லாததால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். கர்ப்ப ஸ்கேன்தான் பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கர்ப்பப்பையை நிதானமாகப் பார்க்கும் ஸ்கேன். இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏறக் கட்டிக்கான வாய்ப்பும் கூடுகிறது. முப்பதுகளில் இரு வேறு கருமுட்டைகளிலிருந்து இரட்டைக் குழந்தைகள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொள்பவர்களும் பெரும்பாலும் அந்த வயதினரே. இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்வதில் வியப்பில்லை.

அரிதாக, கட்டியே இல்லாமலும் கட்டி தெரியும். கர்ப்பப்பைத் தசை ஓரிடத்தில் மட்டும் சுருங்கி நிற்கும்போது ஸ்கேனில் அது கட்டி போலவே தோன்றும். சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் மறைந்திருக்கும். ஆரம்ப ஸ்கேனில் இருந்த ‘கட்டி’ அடுத்த ஸ்கேனில் காணாமல் போனால் அது பெரும்பாலும் இதுதான்.

3. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஏதேதோ எழுதியிருக்கிறார்கள். எந்த இடம் ஆபத்தானது?

எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை செ.மீ.?’ என்றுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்பு கேட்க வேண்டியது ‘எங்கே?’ என்பது. கர்ப்பப்பையின் வெளிப்பரப்பை நோக்கி வளரும் கட்டி பெரிதாக இருந்தாலும் குழந்தைகளைப் பெரும்பாலும் தொல்லை செய்வதில்லை. சுவரின் நடுவே இருப்பது அதன் அளவையும் இடத்தையும் பொறுத்தது. உட்புறம், குழந்தைகள் இருக்கும் குழியை நோக்கிப் புடைத்திருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் கவனிக்கப்பட வேண்டியது. காம்பு போன்ற ஒன்றில் தொங்கும் கட்டிகளும் உண்டு. அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் திடீரெனக் கடும் வலி வரும்.

இரட்டைக் கர்ப்பத்தில் இதோடு இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். கட்டியின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிறதா? இரண்டு நஞ்சுக்கொடிகள் இருந்தால் எந்தக் குழந்தையினுடையது? அடுத்ததாக, கர்ப்பப்பை வாய்க்கு அருகில், குழந்தை வெளிவரும் பாதையில் கட்டி இருக்கிறதா? நஞ்சுக்கொடியின் பின்புறம் இருக்கும் கட்டி, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் ஆபத்தைக் கூட்டுகிறது. வாய்க்கு அருகில் இருப்பது பிரசவ முறையைத் தீர்மானிக்கலாம். இந்த இரண்டு இடங்களிலும் இல்லாத, 5 செ.மீ.க்குக் குறைவான, வெளிப்புறக் கட்டி என்றால் நான் அதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

கீழே பல பதில்களில் ‘இடத்தைப் பொறுத்தது’ என்று வரும். அங்கெல்லாம் இந்தப் பதிலுக்குத் திரும்பி வாருங்கள்.

4. இரண்டு குழந்தைகளுக்கே இடம் போதாது. கட்டியும் கூடவே வளர்ந்தால் என்ன செய்வது?

கர்ப்பம் முழுவதும் கட்டி வளர்ந்துகொண்டே போகும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்கேனில் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, பெரும்பாலான கட்டிகளின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றே தெரிந்தது. வளர்பவையும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வளர்கின்றன. பிந்தைய மாதங்களில் சில கட்டிகள் சிறுத்தும் போகின்றன.

இடம் என்பதும் நாம் நினைப்பது போல் குறுகலானது அல்ல. கர்ப்பப்பை விரிந்து கொடுக்கும் தசை. ஆனால் 10 செ.மீ.யைத் தாண்டிய கட்டியோ, உட்குழியை நோக்கிப் புடைத்த கட்டியோ இருந்தால் குழந்தை தலைகீழாகத் திரும்ப இடமில்லாமல் குறுக்காகவோ, கால் கீழாகவோ தங்கிவிடலாம். இரட்டையரில் இது கட்டி இல்லாமலே அடிக்கடி நடக்கிறது. கட்டி அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. மிகப் பெரிய உட்புறக் கட்டி குழந்தையின் தலையையோ கை கால்களையோ அழுத்தி வடிவம் மாறச் செய்ததாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உள்ளன. அவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

5. குழந்தைகளுக்குப் போக வேண்டிய சத்தைக் கட்டி உறிஞ்சிக்கொள்கிறதாமே?

குழந்தைக்கு உணவு போவது நஞ்சுக்கொடி வழியாக. கட்டிக்குத் தனி இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அது குழந்தைகளோடு பந்தியில் உட்காருவதில்லை. ஒரு குழந்தை மற்றதைவிடச் சிறுத்துப் போனால், நஞ்சுக்கொடி அதற்கு ஒட்டியிருக்கும் இடம், தொப்புள்கொடி இணையும் விதம், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்வது போன்ற காரணங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தக் குழந்தையின் நஞ்சுக்கொடி பெரிய கட்டியின் மேலேயே இருந்தால் மட்டும் கட்டியும் பட்டியலில் சேரும்.

6. கட்டியால் ஓர் ஆபத்து, இரட்டையால் ஓர் ஆபத்து. அப்படியானால் எனக்கு இரண்டு மடங்கா?

கூட்டல் கணக்கு இங்கே அவ்வளவு எளிதாக ஒத்துவருவதில்லை. ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் பெண்களில், கட்டி இருப்பவர்களுக்குக் குறைப்பிரசவம், குழந்தை தலைகீழாகத் திரும்பாமை, சிசேரியன், நஞ்சுக்கொடி முன்கூட்டிப் பிரிதல், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு ஆகியவை ஓரளவு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இரட்டையரைச் சுமப்பவர்களுக்கோ இவற்றில் பெரும்பாலானவை கட்டி இல்லாமலே அதிகம். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கிறார்கள்.

2013இல் இரட்டைக் கர்ப்பங்களை மட்டும் ஆராய்ந்து அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கட்டி இருந்த இரட்டைக் கர்ப்பங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டது. குறைப்பிரசவம், வளர்ச்சிக் குறைவு போன்றவற்றில் கட்டியால் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து தென்படவில்லை. இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்: இரட்டைக் கர்ப்பத்தோடு கட்டியும் இருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, மிகப் பெரிய கட்டியோ, மோசமான இடத்தில் உள்ள கட்டியோ இருப்பவர்கள் அதிலும் குறைவு. ஆனாலும் அன்றாடம் நான் பார்ப்பதும் இதையே ஒத்திருக்கிறது. கட்டியைவிட இரட்டைக் கர்ப்பம்தான் பெரிய விஷயம். கட்டியைப் பற்றிய பயத்தில் இரட்டைக் கர்ப்பத்துக்கான பரிசோதனைகளைக் கோட்டை விடுபவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

7. கட்டி இருந்தால் கரு தங்காது என்கிறார்களே?

உட்குழியை நோக்கிப் புடைத்த கட்டிக்கும் ஆரம்பகாலக் கருச்சிதைவுக்கும் தொடர்பு உண்டு. வெளிப்புறக் கட்டிகளுக்கு அப்படித் தெரியவில்லை. சுவருக்குள் இருப்பவற்றைப் பற்றி மருத்துவர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. முதல் மூன்று மாதங்களைத் தாண்டி, இரண்டு இதயத்துடிப்புகளும் நன்றாக இருந்தால் அந்த அச்சத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டீர்கள்.

8. ஐந்தாம் மாதம். வயிற்றில் ஒரே இடத்தில் தாங்க முடியாத வலி, கை வைத்தாலே துடிக்கிறேன். கட்டி வெடித்துவிட்டதா?

கட்டி வெடிப்பதில்லை. இரத்த ஓட்டம் போதாமல் கட்டியின் உட்பகுதி சிதைகிறது. அதைத்தான் சிவப்புச் சிதைவு என்கிறார்கள். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில், கர்ப்பத்தின் நடு மாதங்களில் இது அதிகம். கட்டி இருக்கும் கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு வரும் முதன்மையான காரணமும் இந்த வலிதான். வலி கட்டி இருக்கும் இடத்திலேயே நிற்கும்; அழுத்தினால் கூடும். கூடவே லேசான காய்ச்சல், குமட்டல், இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் உயர்வு எல்லாம் வரலாம்.

தாய்க்கு இது கொடுமையான சில நாட்கள். ஆனால் குழந்தைகளை இது பெரும்பாலும் நேரடியாகப் பாதிப்பதில்லை. ஓய்வு, போதிய நீர், வலி மருந்து ஆகியவற்றோடு சில நாட்களில், சிலருக்கு ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். சிதையும் கட்டியிலிருந்து வெளிவரும் வேதிப்பொருட்கள் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்பதால், இரட்டையரைச் சுமப்பவரை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பது வழக்கம். அதற்காகப் பதறிவிட வேண்டாம்.

9. அது கட்டி வலியா, பிரசவ வலியா என்று வீட்டில் இருந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முயலாதீர்கள் என்பதுதான் என் பதில். ‘எனக்குக் கட்டி இருக்கிறது, அதுதான் வலிக்கிறது’ என்று தானே முடிவு செய்துகொண்டு, வலி விட்டுவிட்டு வந்ததைக் கவனிக்காமல், கர்ப்பப்பை வாய் திறந்த பிறகு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர்களுக்கும் இந்தச் சறுக்கல் வரலாம். கட்டி என்று கோப்பில் எழுதியிருந்தால் எல்லா வலிக்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. குடல்வால் அழற்சி, சிறுநீரகத் தொற்று, சினைப்பை முறுக்கிக்கொள்வது ஆகியவையும் கர்ப்பத்தில் வரக்கூடியவை.

ஒரு பொதுவான அடையாளம் உண்டு. கட்டி வலி ஓரிடத்தில் விடாமல் இருக்கும். பிரசவ வலியில் வயிறு முழுவதும் இறுகித் தளரும்; முதுகுக்கோ, அடிவயிற்றுக்கோ பரவும்; இடைவெளி குறைந்துகொண்டே வரும். நஞ்சுக்கொடி பிரியும்போது வயிறு பலகை போல் இறுகியே நிற்கும். பெரும்பாலும் இரத்தமும் போகும். ஆனால் இரத்தம் உள்ளேயே தேங்கிவிடவும் கூடும் என்பதால் ‘இரத்தம் போகவில்லையே’ என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இரத்தக் கசிவு, நீர் ஒழுகுதல், ஒழுங்கான இடைவெளியில் இறுக்கம், காய்ச்சல், குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இரவென்றும் பார்க்காமல் புறப்படுங்கள்.

10. வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பாராசிட்டமாலை, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை நீங்களாகத் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், குழந்தையின் இதயத்தருகே பிறந்த பிறகு மூட வேண்டிய ஓர் இரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் காரணமாகலாம். விந்தை என்னவென்றால், கட்டி வலிக்கு நன்றாகக் கேட்பவையும் இவைதான். அதனால் சில மருத்துவர்கள் 32 வாரத்துக்கு முன்பு, ஓரிரு நாட்களுக்கு மட்டும், பனிக்குட நீரை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கொடுப்பதுண்டு. அதை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.

இரட்டைக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தக் கோளாறைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பார்கள். ‘கட்டியில் இரத்தம் கசிந்துவிடுமே’ என்று பயந்து அதைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அந்த அளவு வேறு, நோக்கம் வேறு. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

11. கட்டியும் இரட்டையும் இருப்பதால் என் மருமகளைப் படுக்கையை விட்டு எழவே விடுவதில்லை. சரிதானே, அம்மா?

உங்கள் அக்கறை புரிகிறது, அம்மா. ஆனால் படுத்தே இருப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இரட்டைக் கர்ப்பத்திலும் அப்படித்தான். மாறாக, காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, தசை தளர்கிறது, மனமும் சோர்கிறது. பெரிய கட்டி இடுப்பில் உள்ள இரத்தக்குழாய்களை அழுத்திக்கொண்டிருந்தால் இரத்தம் உறையும் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடும். பளு தூக்காமல், களைத்தால் உட்கார்ந்து, நடமாடிக்கொண்டிருக்கட்டும். எட்டாவது கேள்வியில் சொன்ன வலி வந்தால் அந்தச் சில நாட்கள் மட்டும் ஓய்வு.

12. என் குழந்தைகள் இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி. கட்டியால் அதில் ஏதாவது சிக்கல் வருமா?

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில், ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்கு அதிகமாகப் பாய்ந்துவிடும் சிக்கல் உண்டு. நஞ்சுக்கொடிக்குள்ளேயே இருக்கும் இரத்தக்குழாய் இணைப்புகளால் அது வருகிறது. கட்டிக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க 16ஆவது வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் நடக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். அதைத் தவறவிடாதீர்கள்.

இரண்டு நஞ்சுக்கொடிகள் உள்ளவர்களுக்கு 20ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதும். கட்டியையும் அதே ஸ்கேன்களில் அளந்துகொள்வார்கள். கட்டிக்கென்று தனியாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. கர்ப்பப்பையின் உயரத்தை நாடாவால் அளந்து குழந்தைகளின் வளர்ச்சியைக் கணிக்கும் முறையோ உங்களுக்குச் சுத்தமாகப் பயன்படாது. இரட்டையரும் கட்டியும் சேர்ந்து அந்த அளவைப் பொய்யாக்கிவிடுவார்கள்.

13. சிறுநீர் சரியாகப் போவதில்லை. மூச்சும் வாங்குகிறது. இது இரட்டைக் கர்ப்பத்தில் சகஜம்தானே?

அடிக்கடி போவது சகஜம். போக முடியாமல் இருப்பது சகஜம் அல்ல. கர்ப்பப்பையின் பின்புறமோ கீழ்ப்புறமோ உள்ள கட்டி சிறுநீர்ப் பாதையை அழுத்தி அடைக்கலாம்; சிறுநீரகம் வீங்கவும் கூடும். உடனே காட்டுங்கள். மூச்சு வாங்குவதற்கு முதலில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். இரட்டையரைச் சுமப்பவர்களுக்கு இரத்தசோகை அதிகம். கட்டியால் கர்ப்பத்துக்கு முன்பே மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போயிருந்தால் கையிருப்பே குறைவாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, அது அவசரம்.

14. தாயின் இரத்தத்தில் குழந்தையின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை குழப்பமாக வந்திருக்கிறது. கட்டி காரணமாக இருக்குமா?

இருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்க வேண்டியது. அந்தப் பரிசோதனை தாயின் இரத்தத்தில் மிதக்கும் எல்லா மரபணுத் துணுக்குகளையும் படிக்கிறது. சில கட்டிகளின் செல்களில் குரோமோசோம் மாற்றங்கள் இருக்கும். பெரிய கட்டியிலிருந்து அந்தத் துணுக்குகள் இரத்தத்தில் கலந்தால் முடிவு விசித்திரமாக வரலாம். இரட்டைக் கர்ப்பத்தில் ஒவ்வொரு குழந்தையின் பங்கும் ஒற்றைக் கர்ப்பத்தைவிடக் குறைவு என்பதால் ‘முடிவு தெளிவில்லை’ என்று வருவதும் உண்டு. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போதே கட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இதன் அடிப்படையில் மட்டும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது; ஸ்கேனும், தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனையும்தான் உறுதி சொல்லும்.

15. இவ்வளவு தொல்லை எதற்கு? இப்போதே அறுவை செய்து எடுத்துவிடலாமே, அல்லது கரைக்க மருந்து இல்லையா?

கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பைக்கு இரத்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கிறது. கட்டியில் கத்தி வைத்தால் இரத்தத்தைக் கட்டுப்படுத்துவது கடினம், குறைப்பிரசவமும் ஆகலாம். காம்பு முறுக்கிய கட்டி, எந்த மருந்துக்கும் அடங்காத வலி என்று மிக அரிதான நிலையில்தான் செய்வார்கள். கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் மருந்துகளைக் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை.

கட்டியைக் கரைக்கும் உணவு என்று எதுவும் இல்லை. கரைப்பதாகச் சொல்லும் மூலிகைச் சூரணங்களில் என்ன இருக்கிறது என்பதே பல வேளை தெரியாது. வயிற்றில் இரண்டு உயிர்கள் இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்ப்பது சரியல்ல.

16. முன்பே கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டேன். இப்போது இரட்டையர். தையல் பிரிந்துவிடுமா?

கட்டியை எடுத்த இடம் கர்ப்பப்பைச் சுவரில் ஒரு தழும்பு. அது பிரிவது அரிது. ஒற்றைக் கர்ப்பங்களில் 100இல் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. ஆனால் நடந்தால் தாய்க்கும் குழந்தைகளுக்கும் உயிராபத்து. இரட்டையரால் சுவர் கூடுதலாக விரிவதால் மருத்துவர்கள் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். தசையின் ஆழத்தில் இருந்தோ, பல இடங்களில் இருந்தோ கட்டிகளை எடுத்திருந்தால், பிரசவ வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்வது வழக்கம். காம்பில் தொங்கிய வெளிப்புறக் கட்டியை எடுத்தவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

எனவே பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுங்கள். எத்தனை கட்டிகள், எவ்வளவு ஆழம், உட்குழி வரை திறந்தார்களா என்பது அதில் இருக்கும். வெளியேறும்போது கொடுத்த சுருக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. முழுக் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். தழும்பு உள்ளவருக்குத் திடீர்க் கடும் வலி வந்தால் ஒன்பதாவது பதிலில் சொன்ன அவசரம் இரு மடங்காகும்.

17. சுகப்பிரசவம் ஆக வாய்ப்பே இல்லையா?

வாய்ப்பு இருக்கிறது. முதல் குழந்தை தலைகீழாக இருந்து, கட்டி பாதையை மறைக்காமல் இருந்தால் முயன்று பார்க்கலாம். 2013இல் வெளியான, பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, முதல் குழந்தை தலைகீழாக உள்ள இரட்டையருக்குத் திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை என்று கண்டது. கட்டி இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது.

ஐந்தாம் மாதத்தில் ‘கட்டி கீழே இருக்கிறது, சிசேரியன்தான்’ என்று கேட்டு மனம் உடைந்து வருகிறார்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மாதங்களில்தான் நீண்டு விரிகிறது. அப்போது பல கட்டிகள் மேலே நகர்ந்துவிடும். எனவே 32 வாரத்துக்குப் பிறகு மீண்டும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போதும் வாயை மறித்தபடி இருந்தால் சிசேரியன். இன்னொரு நுணுக்கம்: முதல் குழந்தை பிறந்த பிறகு, இரண்டாவது குழந்தையைக் கையால் திருப்ப வேண்டியிருக்கலாம். பெரிய கட்டி அதற்கு இடைஞ்சலாகுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

18. எப்படியும் சிசேரியன்தான் என்றால், அதே மூச்சில் கட்டியையும் எடுத்துவிடச் சொல்லலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முன்பெல்லாம் கூடவே கூடாது என்றார்கள். இப்போது அனுபவமுள்ளவர்கள், தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்கிறார்கள்: காம்பில் உள்ளவை, வெளிப்புறத்தில் எளிதாகக் கிடைப்பவை, குழந்தையை எடுக்கவோ வெட்டிய இடத்தைத் தைக்கவோ தடையாக நிற்பவை. தசைக்குள் ஆழமாகப் பதிந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரட்டையருக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கவே திணறும் வேளையில், இன்னொரு காயத்தைக் கூடுதலாக உண்டாக்குவது துணிச்சலான வேலை. பிறகு கட்டி தானே சுருங்கவும் வாய்ப்பிருக்கிறது. எனவே கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

வழக்கமான குறுக்கு வெட்டு வரும் இடத்தில் கட்டி இருந்தால் கர்ப்பப்பையை மேலே நெடுக்காக வெட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் சுகப்பிரசவத்துக்கு முயலக் கூடாது. வெளித்தோலில் உள்ள தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

19. பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் நிறையப் போகும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

இந்த ஒரு விஷயத்தில் பயம் நியாயமானது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் இரத்தம் நிற்பது, கர்ப்பப்பைத் தசை இறுகித் தன் இரத்தக்குழாய்களை நெரிப்பதால்தான். இரட்டையரால் அளவுக்கு மீறி விரிந்த தசை தளர்ந்துவிடும். நடுவில் கட்டி இருந்தால் முழுமையாக இறுக முடியாது. இரண்டு காரணங்களும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

ஆனால் முன்கூட்டியே தெரிந்த ஆபத்து என்பதால் ஆயத்தம் செய்ய முடியும். இரத்தசோகையைக் கர்ப்பத்திலேயே சரிசெய்வது, இரத்த வகையைப் பொருத்திப் பார்த்து இரத்தத்தை ஆயத்தமாக வைப்பது, குழந்தைகள் பிறந்தவுடன் கர்ப்பப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் மருந்து, தேவைப்பட்டால் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சமிக் அமிலம். இரத்த வங்கி, மயக்க மருந்து நிபுணர், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிரக் கவனிப்பு ஆகிய மூன்றும் இரவும் பகலும் உள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடுங்கள். கட்டியைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவுகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை.

20. எத்தனையாவது வாரத்தில் பிரசவம்? கட்டிக்காக முன்னதாகவே எடுத்துவிடுவார்களா?

நஞ்சுக்கொடிகளின் எண்ணிக்கையே தேதியைத் தீர்மானிக்கிறது. தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37, 38ஆவது வாரம். ஒன்றைப் பகிர்ந்துகொண்டு தனித்தனிப் பனிக்குடத்தில் இருந்தால் 36ஆவது வாரத்தையொட்டி. பனிக்குடமும் ஒன்றே என்றால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன். கட்டிக்காக மட்டும் இதை முன்னால் நகர்த்துவதில்லை. 16ஆவது கேள்வியில் சொன்ன தழும்பு இருந்தால் நகர்த்தலாம். அதற்கு முன்பே வலி வந்துவிட்டால், குழந்தைகளின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ‘ஸ்டீராய்டு கட்டியை வளர்க்கும்’ என்று சொல்லி அதை மறுக்க வேண்டாம்.

21. எல்லாம் முடிந்த பிறகு கட்டி என்ன ஆகும்? தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், கட்டிக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது பல கட்டிகளும் சிறுத்துவிடுகின்றன. ஆரம்பத்தில் பார்த்த கட்டி சிலருக்கு ஸ்கேனில் தென்படாமலே போகிறது. சுருங்கும்போது சிலருக்கு எட்டாவது கேள்வியில் சொன்ன வலி மீண்டும் வரும். காய்ச்சலோடு வலி, துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்தில் பஞ்சுப்பட்டை முழுவதும் நனையும் அளவு இரத்தம் ஆகியவை இருந்தால் ‘கட்டிதான்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மூன்று முதல் ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து, எந்தக் கட்டி எங்கே, எந்த அளவில் மிஞ்சியிருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தேவையா என்பதை அப்போது பேசினால் போதும். இரண்டு கைக்குழந்தைகளோடு அந்தத் தேதி எளிதில் மறந்துபோகும் என்பதால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே முன்பதிவு செய்துவிடுங்கள்.